விளக்கை அணை

மார்ச் 6

யுஎஸ்பி டிரைவர் பராமரிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். கணினியில் செருகும் சாதனங்கள் பற்றிய குறைகளை எழுத வேண்டிய முகவரி இதுதான் என்று உங்கள் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறது, அதனால் இங்கே எழுதுகிறேன். உங்கள் இடத்தில் எனக்கு வேறு யாரையும் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் பேச முடியாத ஒருவர் இருக்கிறார். போன வருஷம் மூளையில் ரத்தக்குழாய் அடைத்துப் பேச்சு முழுக்கப் போய்விட்டது. கை நடுங்கும், பேனா நிற்காது. தலையும் அவர் சொன்னபடி கேட்பதில்லை; ஆமாம் என்று ஆட்டப் போனால் இல்லை என்று ஆடும். அவருக்காக நானே பதினாறு பெரிய பொத்தான் வைத்து ஒரு பெட்டி செய்தேன். நான்கு வரிசை, வரிசைக்கு நான்கு. ஒரு பொத்தானை அமுக்கினால் கணினி ஒரு வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லும். கணினியை, இவருக்குச் சிகிச்சை தரும் மறுவாழ்வு மையம் இரவல் கொடுத்தது. அதற்குள் கை வைக்க எனக்கு அனுமதி இல்லை. புதுப்பிப்புகள் தானாக வரும், தானாக ஏறும்.

பிப்ரவரி முதல் வாரம் வந்த உங்கள் புதுப்பிப்புக்குப் பிறகு மேல் வரிசைப் பொத்தான் நான்கும் ஊமை. மற்ற வரிசைகளில் எதை அமுக்கினாலும் அதற்கு நேர் மேலே இருக்கும் பொத்தானின் வாக்கியத்தைச் சொல்கிறது. கடைசி வரிசை வாக்கியங்கள் காதில் விழுவதே இல்லை. பெட்டியில் கோளாறு இல்லை. என் பட்டறையில் இருக்கும் பழைய, புதுப்பிக்காத கணினியில் செருகினேன், மணி மணியாகப் பேசுகிறது.

ஏப்ரல் முதல் வாரத்தில் மையத்து டாக்டர் இவரைத் திரும்பப் பரிசோதிக்கிறார். அந்தக் கணினியில், அந்தப் பெட்டியை வைத்துத்தான் பரிசோதனை. அதற்குள் நீங்கள் எதை மாற்றினீர்களோ அதை எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பயனர்


மார்ச் 8

மதிப்பிற்குரிய பயனருக்கு,

உங்கள் குறை கிடைத்தது. ஒரு சாதனத்தைச் செருகியதும் கணினி அதனிடம் நீ யார் என்று கேட்கும். சாதனம் தன் விவரக்குறிப்பைச் சொல்லும்: தயாரித்தவர் எண், பொருள் எண், எத்தனை பொத்தான், எந்த வடிவில் செய்தி அனுப்புவேன் என்பதெல்லாம். கணினி அதை நம்பித்தான் வேலை செய்கிறது. சில சாதனங்கள் ஒன்றைச் சொல்லிவிட்டு வேறொன்றைச் செய்யும். அப்படிப்பட்டவற்றுக்கு எங்களிடம் தனி விதிகள் உண்டு.

நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால், கடைகளில் பில் போடும் ஒரு விசைப்பலகைக்காக நான் எழுதிய விதி உங்கள் பெட்டி மேல் ஏறியிருக்கிறது. அதாவது உங்கள் பெட்டி அந்தப் பலகையின் எண்ணைச் சொல்லிக்கொண்டு வருகிறது. அந்த எண் உங்களுடையது அல்ல. இரவல் எண்ணில் வரும் சாதனங்களுக்கு நாங்கள் பொறுப்பேற்பதில்லை. உங்கள் பெட்டியில் எண்ணை மாற்றி எழுதிக்கொள்வதே முறையான வழி. பல ஆயிரம் கடைகள் நம்பியிருக்கும் விதியை எடுக்க முடியாது.

இதற்கு மேல் இந்த நடையில் எழுத எனக்குத் தெம்பில்லை. அத்தான், முதல் வரியிலேயே உங்களைத் தெரிந்துவிட்டது. வேறு யாரையும் தெரியாது என்று வைத்துக்கொள்ளச் சொல்லி ஊரில் எவன் குறை எழுதுவான்? போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், அலுவலக முகவரிக்கு மட்டும் எழுதுகிறீர்கள்.

கோபப்படாமல் கேளுங்கள். ஒரு நாளைக்கு இந்த மாதிரி நாற்பது குறை என் மேஜைக்கு வருகிறது. நாற்பதும் பொய் சொல்லும் சாதனங்கள். ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான் தெரிகிறது, அதைப் பார்த்துக்கொண்டே பதில் எழுதுகிறேன். எண்ணை மாற்றுவது உங்களுக்கு ஒரு மணி நேர வேலை. செய்துவிடுங்கள். ஆனால் பெட்டி சரியானதும் அக்காவும் சரியாகிவிடுவாள் என்று உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ளாதீர்கள். டாக்டர் சொன்னதைக் கொஞ்சம் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மச்சினன்


மார்ச் 11

மாப்பிள்ளை,

ஆமாம், நான்தான். உன்னோடு பேசக்கூடாது என்று இருந்தேன். இது பேச்சில்லை, குறை. குறையாகவே படி.

முதலில் எண். இரவல் எண்தான், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பட்டறையில் பில் பலகையும் எடை மிஷினும்தான் பழுதுபார்க்கிறோம், அது உனக்குத் தெரியும். கீழே டயர் கடை, மேலே நாங்கள். ரப்பர் வாசனையும் ஈயம் உருக்கும் வாசனையும் சேர்ந்து என் சட்டையிலேயே குடியிருக்கின்றன. அங்கே கிடந்த ஒரு பில் பலகையின் சிப்பை எடுத்துத்தான் பெட்டி செய்தேன். உள்ளே நிரலை நானே புதிதாக எழுதினேன், எண்ணை மட்டும் தொடவில்லை. ஒரே ஒரு பெட்டி, ஒரே ஒரு வீடு, யார் கேட்கப்போகிறார்கள் என்று விட்டேன்.

மாற்றி எழுதச் சொல்கிறாய். எழுதலாம், சிப்பைத் தொட முடிந்தால். உன் அக்காவுக்கு வாயோரம் எச்சில் வழியும், கட்டுப்பாடு இல்லை. அது பொத்தான் இடுக்கில் இறங்கி இரண்டு தடவை பெட்டி செத்தது. மூன்றாவது தடவை வெறுத்துப்போய்ப் பலகை முழுக்க எபாக்சி பிசினை ஊற்றி மூடிவிட்டேன். கல் மாதிரி இறுகிவிட்டது. இப்போது தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது. நானே நினைத்தாலும் உள்ளே போக முடியாது. பொத்தான் மேல் ஒட்டியிருந்த படங்களும் அப்போதே போயின. இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் உன் அக்கா; நம் டீச்சருக்கு இடம் மனப்பாடம், படம் எதற்கு என்று விட்டேன். பொத்தான் கொடுத்த பழைய சாமான் கடைக்காரனும் கடையை மூடிவிட்டான். இன்னொன்று செய்ய இரண்டு மாதம் ஆகும். நான் அத்தனை கெட்டிக்காரனும் இல்லை.

இனி டாக்டர். உன் புதுப்பிப்பு வந்த மறு வாரம் இவளை அங்கே கூட்டிப்போனேன். ஏனென்றால் வீட்டில் எல்லாம் தலைகீழாகப் போய்க்கொண்டிருந்தது. கூப்பிட மாட்டேன் என்கிறாள். நாற்காலியிலிருந்து ஒருக்களித்துச் சரிந்து கிடக்கிறாள், 'இங்க வா' பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, சத்தமே இல்லை. கேட்டால் சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்கிறாள். டாக்டர் ஒரு டம்ளரைக் காட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். அமுக்கினாள், பெட்டி பேசவில்லை. உங்களுக்கு நான் சொல்றது புரியுதா என்று கேட்டார். அமுக்கினாள், 'ஜன்னலை மூடு' என்றது. அந்த அறையில் ஜன்னல் மூடித்தான் இருந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார், பிறகு எழுதினார். புரிந்துகொள்ளும் சக்தி போய்விட்டது, வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது, முழுநேரக் காப்பகம்தான் நல்லது என்று. ஏப்ரலில் திரும்பப் பார்ப்பார். அப்போதும் இப்படியே இருந்தால் இடம் ஒதுக்கிவிடுவார்கள்.

அன்று சாயங்காலம் உனக்குப் போன் பண்ணினேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். நானும் எழுதுகிறேன், ஏனென்றால் நான் மட்டும் சுமக்க முடியவில்லை. "சேர்த்துடுங்க அத்தான். அவளுக்கு இனிமே எந்த இடமா இருந்தா என்ன, ஒண்ணும் புரியப்போறதில்ல." என் ஒரு கையில் ஸ்பூன், இன்னொரு கையில் கிண்ணம். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

அவள் கேட்டாள், மாப்பிள்ளை. கேட்டதும் பெட்டியை அமுக்கினாள். 'ஜன்னலை மூடு' என்றது. இன்னொரு தடவை அமுக்கினாள், அதேதான். "பாத்தீங்களா" என்றாய் நீ. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதனால்தான் போனை வைத்தேன், உன் மேல் இருந்த கோபத்தில் மட்டும் இல்லை. அன்றிலிருந்து அவள் பெட்டியைத் தொடவே இல்லை.

போன வாரம் அதை எடுத்து அலமாரி மேலே போட்டுவிடலாம் என்று ஈரத்துணியால் துடைத்தேன். வயரைப் பிடுங்க மறந்துவிட்டேன். துணி போகப் போகப் பெட்டி பேசியது. மேல் வரிசையைத் துடைத்தேன், மௌனம். இரண்டாம் வரிசையைத் துடைத்தேன், 'தண்ணி வேணும், பசிக்குது' என்று மேல் வரிசையைச் சொன்னது. வரிசையைப் போட்டவன் நான். துணியைப் போட்டுவிட்டு மூன்றாம் வரிசையை அமுக்கிப் பார்த்தேன், இரண்டாம் வரிசையைச் சொன்னது.

அவள் முன்னால் கொண்டுபோய் வைத்து என் விரலால் அமுக்கிக் காட்டினேன். பார்த்தாள். என் மணிக்கட்டைப் பிடித்து என் விரலை மறுபடி அமுக்கவைத்தாள். மறுபடியும் தப்பாகவே சொன்னது. அதற்குப் பிறகு அழுதாள். ரொம்ப நேரம் அழுதாள். தன் புத்திதான் போய்விட்டது என்று அவளே நம்பியிருக்கிறாள். பெட்டி சொன்னதை டாக்டர் நம்பினார், நீ நம்பினாய், நான் நம்பினேன், கடைசியில் அவளும் நம்பிவிட்டாள்.

உன் ஆயிரம் கடைகள் நன்றாக இருக்கட்டும். எனக்கு இந்த ஒரு வீடுதான்.

அத்தான்


மார்ச் 12

அத்தான்,

ஸ்பீக்கரில் இருந்தது எனக்குத் தெரியாது.

காலையிலிருந்து இந்த ஒரு வரியைத்தான் எழுதி எழுதி அழிக்கிறேன். தெரியாது என்பது ஒரு சமாதானமா என்றும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன், அவ்வளவுதான், நினைத்திருப்பேன்.

புதுப்பிப்பு வெளிவந்த தேதியையும் நீங்கள் டாக்டரிடம் போன தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எந்த முட்டாளும் போடக்கூடிய கணக்கு. அன்றைக்கே போட்டிருக்கலாம்.

எனக்கு இரண்டு விஷயம் வேண்டும். பெட்டியில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று வரிசையாக எழுதுங்கள். பட்டறைக் கணினியில் பெட்டியைச் செருகி, அது தன்னைப் பற்றிச் சொல்லும் விவரக்குறிப்பை முழுசாக எடுத்து அனுப்புங்கள். எப்படி எடுப்பது என்று கீழே எழுதியிருக்கிறேன். அப்படியே நிஜமான பில் பலகை ஒன்று பட்டறையில் இருந்தால் அதனுடையதையும்.

அக்காவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். சொல்ல என்னிடம் இன்னும் ஒன்றும் இல்லை.

மச்சினன்


மார்ச் 15

மாப்பிள்ளை,

நீ கேட்டது இரண்டும் இதோடு இருக்கிறது. பில் பலகைக்குக் குறைச்சல் இல்லை, மூலையில் குவிந்து கிடக்கிறது. சுத்தமான ஒன்றைப் பார்த்து எடுத்தேன்.

பொத்தான் வரிசை இதுதான். மேல் வரிசை: தண்ணி வேணும், பசிக்குது, வலிக்குது, இங்க வா. இரண்டாவது: விளக்கை அணை, ஜன்னலை மூடு, தலையணையைச் சரிபண்ணு, பாத்ரூம் போகணும். மூன்றாவது: பக்கத்துல உட்காரு, புரியுது, வேண்டாம், போதும். இந்த மூன்றையும் நான் முடிவு பண்ணினேன். கடைசி வரிசையை அவளே எழுத்தட்டையில் ஒவ்வொரு எழுத்தாகக் காட்டிச் சொன்னாள். கை நடுங்கி நடுங்கி ஒரு பகல் முழுக்க ஆயிற்று, அதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது; அதற்குப் பிறகு அந்த அட்டையை அவள் தொடவே மாட்டேன் என்றுவிட்டாள். வாயை மூடு, தம்பி எங்க, நீ சாப்பிட்டியா, சிரிப்பு வருது. முதல் பொத்தான் யாருக்கு என்று கேட்காதே. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் அதைக் கேட்பவன் ஒருவன்தான்.

டாக்டரைப் போய்ப் பார்த்தேன். பெட்டி தப்பு, ஆள் சரி என்று சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். நோயாளி வீட்டு ஆட்கள் எல்லோரும் இப்படித்தான் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள் என்கிற முகம். மையத்தில் இருக்கும் மற்ற கருவி எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறதே என்றார். பழைய கணினியில் காட்டுகிறேன் என்றேன், வெளிக் கணினியை உள்ளே விட மாட்டார்களாம். அவர்கள் கணினியில் சரியாகப் பேசட்டும், அடுத்த நிமிஷமே எழுதியதை அடித்துவிடுகிறேன் என்றார். மையத்துக் கணினிகள் மாதம் பிறந்ததும்தான் புதுப்பிக்கப்படுமாம். ஆக, நீ இந்த மாதத்துக்குள் முடித்தால் உண்டு.

எனக்கு அசதியாக இருக்கிறது. காலையில் அவளைக் குளிப்பாட்டி, உடுத்தி, பக்கத்து வீட்டு அம்மாவிடம் விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போய், மத்தியானம் ஓடிவந்து, மறுபடி போய். இதை நான் யாரிடமும் முறையிட்டதில்லை. உன்னிடமும் முறையிடவில்லை, எழுதும்போது வந்துவிட்டது. அன்று நீ காப்பகம் என்றபோது ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்கும் அப்பாடா என்று இருந்தது. கோபம் அதற்கப்புறம்தான் வந்தது. அதையும் தெரிந்துகொள்.

அத்தான்


மார்ச் 19

அத்தான்,

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிப்பதற்கு ஒன்றுமே இல்லை என்பதுதான் வெட்கம்.

நிஜமான பில் பலகை, எனக்குப் பன்னிரண்டு பொத்தான் என்று விவரக்குறிப்பில் சொல்கிறது. ஆனால் செய்தி அனுப்பும்போது முன்னால் நான்கு வெற்று இடங்களைச் சேர்த்து அனுப்புகிறது. அதனால் கடைகளில் ஒன்றை அமுக்கினால் வேறொன்று பில்லில் விழுந்தது. அதற்காகத்தான், இந்த எண்ணோடு யார் வந்தாலும் அவர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதே, முதல் நான்கைத் தள்ளிவிட்டு மீதியைப் படி என்று விதி எழுதினேன். உங்கள் பெட்டி பதினாறு பொத்தான் என்று சொல்லி, பதினாறையும் ஒழுங்காக அனுப்புகிறது. என் விதி அதன் முதல் நான்கையும் குப்பை என்று தள்ளிவிட்டது. மேல் வரிசை ஊமையானது. மற்றதெல்லாம் ஒரு படி மேலே ஏறிக்கொண்டது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு விவரக்குறிப்பைத் திருத்துவதற்கு முன்னால் அதைப் படித்துப்பார். நீ திருத்த வந்த அதே தப்பு அதில் இருந்தால் மட்டும் கை வை. இல்லையென்றால் தொடாமல் விட்டுவிடு. இரண்டு வரி வேலை. புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். அந்த வாரம் குறை மேல் குறையாக வந்து குவிந்திருந்தது. எண்ணைப் பார்த்தேன், இந்த எண்ணா, பொய்யன்தான் என்று அந்த இரண்டு வரியை எழுதாமல் விட்டுவிட்டேன். உலகத்தில் அந்த எண்ணில் உண்மை பேசும் பெட்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது என் அக்கா மடியில் இருந்தது.

உங்களையும் விடுவதாக இல்லை. பக்கத்து வீட்டு நம்பர் பலகையைக் கழற்றி நம் வாசலில் மாட்டிக்கொண்டால் தபால்காரன் என்னதான் செய்வான்?

திருத்தத்தை எங்கள் குழுத் தலைவியிடம் கொண்டுபோனேன். அவர் எடுத்த எடுப்பில் மறுத்தார். "இரவல் நம்பருக்கெல்லாம் வழிவிட்டா நாளைக்கு ஊரே அதே நம்பரோட வந்து நிக்கும்" என்றார். அது என் அக்காவின் பெட்டி என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அக்காங்கிறதுக்காக மாத்தாத. படிக்காம திருத்தினது தப்பு, அதுக்காக மாத்து" என்றார். வேறு எப்படித் திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

புதிய விதி இதோடு இருக்கிறது. பட்டறைக் கணினியில் ஏற்றிப் பெட்டியையும் பில் பலகையையும் இரண்டையும் சோதித்துச் சொல்லுங்கள். இரண்டும் பிழைத்தால்தான் ஏற்பார்கள். உங்களைத் தவிர இரண்டையும் ஒரே மேஜையில் வைத்திருக்கும் ஆள் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

இன்னொன்று. உங்கள் பொத்தான் வரிசையை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். பெட்டி ஒன்றைச் சொன்னது என்றால் அவள் அமுக்கியது அதற்கு நேர் கீழே இருக்கும் பொத்தான். போனில் நான் அப்படிச் சொன்னபோது பெட்டி 'ஜன்னலை மூடு' என்றது. அதற்குக் கீழே இருப்பது 'புரியுது'.

ஒண்ணும் புரியாது என்று நான் சொன்னேன். புரியுது என்று அவள் சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள். நான் "பாத்தீங்களா" என்றேன்.

நேற்று அலுவலகத்துக்குப் போகவில்லை.

மச்சினன்


மார்ச் 22

மாப்பிள்ளை,

முதலில் சோதனை. உன் புதிய விதியில் பெட்டி பதினாறு பொத்தானும் சரி. பில் பலகை பன்னிரண்டும் சரி. பட்டறையில் இருந்த மற்ற பலகைகளையும் விடவில்லை. பூச்சி அரித்த ஒன்றைத் தவிர எல்லாம் சரியாக இருக்கிறது. அந்த ஒன்று ஏற்கனவே செத்ததுதான், உன் கணக்கில் எழுதாதே. நம்பர் பலகை விஷயத்தில் நீ கேட்டது நியாயம். இனிமேல் செய்யமாட்டேன். செய்தால் உனக்கு முன்கூட்டியே எழுதிவிட்டுச் செய்கிறேன்.

நீ சொல்ல வேண்டாம் என்று முன்னே எழுதியிருந்தாய். நான் சொல்லிவிட்டேன். உன் கடிதத்தை அவளுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். 'புரியுது' இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். கோபமா என்று கேட்டேன். பெட்டி இன்னும் அந்தப் பழைய விதியில்தான் இருக்கிறது, ஆனால் இப்போது நாங்கள் இருவரும் கணக்குத் தெரிந்தவர்கள். நான் அவள் விரலைப் பார்க்கிறேன், சத்தத்தைக் கேட்பதில்லை. 'வேண்டாம்' பொத்தானை அமுக்கினாள். அதற்குப் பெட்டி, தலையணையைச் சரிபண்ணு என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும் வந்தது. அவள் சிரித்தால் முகத்தில் ஒரு பக்கம்தான் அசையும். அவள் எதை வேண்டாம் என்றாள் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கோபம் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டேன். நீயும் அப்படியே எடுத்துக்கொள்.

உன் கணக்கை வைத்து நானும் பின்னோக்கிப் போனேன். புதுப்பிப்பு வந்த அந்த வாரம் முழுக்கப் பெட்டி அடிக்கடி 'பக்கத்துல உட்காரு' என்று சொல்லிக்கொண்டே இருந்தது. எனக்கு மனசு இளகிப்போய், வேலையைப் போட்டுவிட்டு அருகில் போய் உட்கார்ந்து ஏதேதோ பேசிக்கொண்டிருந்தேன். பேசப் பேச அவள் முறைத்தாள். அதற்குக் கீழே இருப்பது எது என்று பார்த்துக்கொள். வாயை மூடு என்று அவள் சொல்லச் சொல்ல நான் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டிருக்கிறேன். டீச்சர் இத்தனை வருஷத்தில் பார்த்த மக்கு மாணவர்களில் நான்தான் முதல்.

இது சிரிப்பு. இன்னொன்றும் இருக்கிறது, அதே கணக்கில் வந்தது. அதை இப்போது எழுத முடியவில்லை.

அத்தான்


மார்ச் 29

அத்தான்,

ஏற்றுக்கொண்டார்கள். இன்று மத்தியானம் புதுப்பிப்பில் சேர்ந்துவிட்டது. மாதம் பிறந்து மையத்தில் ஏற்றும்போது இதுவும் ஏறும். சோதித்தவர் என்ற இடத்தில் பெயர் கேட்டார்கள். பட்டறை மேஸ்திரி என்று போடச் சொன்னேன், அப்படியெல்லாம் போட மாட்டோம் என்றார்கள். கடைசியில் 'ஒரு பயனர்' என்று போட்டிருக்கிறது. உங்கள் கையெழுத்துதானே அது.

சந்தோஷப்பட வேண்டும். படவில்லை. இந்த விதியை எழுத எனக்கு ஒரு பொழுது ஆகவில்லை. அக்கா கிட்டத்தட்ட இரண்டு மாதம் வாயில்லாமல் உட்கார்ந்திருந்தாள். என் மற்ற விதிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். படிக்காமல் திருத்திய இன்னும் சிலது அகப்பட்டன. அவற்றுக்குப் பின்னால் யார் மடியில் எந்தப் பெட்டி இருக்கிறதோ தெரியாது. அவர்கள் வீட்டில் எனக்குக் கடிதம் எழுத ஒரு அத்தான் இல்லை.

நான் வரட்டுமா என்று கேட்கவில்லை. கேட்டால் இப்போது வேண்டாம் என்பீர்கள், நானும் அதுதான் சாக்கென்று இருந்துவிடுவேன். உண்மையில் எனக்குப் பயம். அவள் எதிரே வந்து உட்கார்ந்தால் முதல் பேச்சாக என்ன பேசுவது என்று தெரியவில்லை.

நீங்கள் எழுத முடியவில்லை என்று விட்டது என்ன? விளக்கு சம்பந்தமானதா? உங்கள் வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்கு அப்படித் தோன்றியது. தப்பென்றால் விட்டுவிடுங்கள்.

மச்சினன்


ஏப்ரல் 9

மாப்பிள்ளை,

பரிசோதனை முந்தாநாள் நடந்தது. அதே அறை, அதே டம்ளர். உள்ளே என்ன என்று கேட்டார். தண்ணி வேணும் என்றது பெட்டி. உண்மையிலேயே வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் கொடுத்தார், குடித்தாள். நான் சொல்வது புரிகிறதா என்று கேட்டார், புரியுது என்றது. சந்தேகம் தீரவில்லை போல, சத்தத்தைக் கூட்டிக்கொண்டு அதையே மறுபடி கேட்டார். மூன்றாவது தடவை கேட்டதும் டீச்சர் விரல் கடைசி வரிசைக்குப் போனது. எனக்குத் தெரிந்துவிட்டது, தடுக்க நேரமில்லை. "வாயை மூடு" என்றது பெட்டி, ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி கணீரென்று. பின்னால் நின்ற நர்ஸ் பெண் வெளியே ஓடிவிட்டாள். டாக்டர் முன்பு எழுதியதைக் குறுக்கே அடித்தார். புரிந்துகொள்ளும் சக்தி முழுமையாக இருக்கிறது, வீட்டிலேயே இருக்கலாம் என்று எழுதினார். என்னிடம் தனியாக மன்னிப்பும் கேட்டார். அவளிடம் கேளுங்கள் என்றேன். போய்க் கேட்டார்.

ஆமாம், விளக்குதான்.

புதுப்பிப்பு வந்த அந்த நாட்களில் தினமும் அவளைப் படுக்கவைத்துவிட்டு நான் நிமிரும்போது பெட்டி 'விளக்கை அணை' என்று சொல்லும். நான் அணைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விடுவேன். இரண்டாவது தடவையும் சொல்லும், இருட்டுக்குள்ளிருந்து. அணைத்துத்தானே இருக்கிறது, பாவம் குழம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொள்வேன். உன் கணக்கைப் போட்டுப் பார். கீழே இருப்பது எது என்று நீ ஏற்கனவே பார்த்திருப்பாய். பக்கத்துல உட்காரு என்று கேட்டவளை நான் தினமும் இருட்டில் தனியாக விட்டுவிட்டு வந்திருக்கிறேன். விதி உன்னுடையது. கதவைச் சாத்தியது நான்.

பரிசோதனை முடிந்து வீட்டுக்கு வந்து, அவளைப் படுக்கவைத்து நிமிர்ந்தேன். பெட்டி "பக்கத்துல உட்காரு" என்றது. உட்கார்ந்தேன். ஒன்றும் பேசவில்லை, இந்தத் தடவை புத்தி வந்துவிட்டது. அவள் தூங்கிய பிறகும் எழுந்திருக்க மனம் வரவில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கரண்ட் பில் வந்தால் உனக்குத்தான் அனுப்புவேன்.

தூங்குவதற்கு முன்னால் அவள் இன்னொரு பொத்தானையும் அமுக்கினாள். கடைசி வரிசை, இரண்டாவது. "தம்பி எங்க" என்றது பெட்டி. இப்போது அது சொல்வதும் அவள் சொல்வதும் ஒன்றுதான், மாப்பிள்ளை, கணக்கு எதுவும் போட வேண்டியதில்லை. வருவான் என்றேன். அவள் திரும்பவும் அதையே அமுக்கினாள்.

அத்தான்